"நல்லா இருக்கிற கையை ஏன் கட்டினீங்க?" ஆஸ்பத்திரியில் தந்தை ஆவேசம்

சென்னையில் உள்ள ஒரு அரசு ஆஸ்பத்திரி. காலை 11 மணி. மாடியில் குழந்தைகள் பிரிவில் ஒரே கூச்சல்!

வழிப்பறிக் கேசில் வெட்டுப்பட்ட ஒருவரைப் பார்க்கப் போயிருந்த நாம், சத்தம் கேட்டு மேலே ஓடினோம்.

வியாசர்பாடியைச் சேர்ந்த ஆட்டோ டிரைவர் ஒருவர், ஒரு அறை வாசலில் நின்று கத்திக் கொண்டிருந்தார். அவருடைய 4 வயது மகன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். சிறுவனின் வலது கையில் துணி உறை மாட்டி, மணிக்கட்டில் பட்டை போட்டுக் கட்டி இருந்தது.

"இவனுக்கு வராதது இடது கை. நீங்க கட்டி வச்சிருக்கிறது வலது கை. கண்ணு தெரியலையா உங்களுக்கு? நல்லா இருக்கிற ஒரு கையையும் கெடுத்துடுவீங்க போலிருக்கே!" என்றார்.

கூட்டம் கூடி விட்டது. செக்யூரிட்டியும் வந்து விட்டார். போலீசைக் கூப்பிடலாமா என்று பேச்சு கிளம்பியது.

உள்ளே இருந்து வந்த பெண் கோபப்படவில்லை.

"கை மாறிப் போகலை அண்ணா. தெரிஞ்சுதான் கட்டி இருக்கேன். 10 நிமிஷம் உள்ளே வந்து உட்காருங்க. அப்புறம் திட்டுங்க" என்றார்.

நாமும் பின்னாலேயே போய் உட்கார்ந்தோம்.

பேசினில் பச்சரிசி

ஊசி இல்லை, மருந்து வாடை இல்லை. தரையில் பாய். ஒரு ஊஞ்சல், பெரிய ரப்பர் பந்து, மூலையில் ஒரு பிளாஸ்டிக் பேசின் நிறைய பச்சரிசி.

அரிசிக்குள் ஒரு குட்டிக் காரைப் புதைத்தார் அந்தப் பெண். சிறுவன் உறை மாட்டிய வலது கையால் துழாவினான். அரிசி சிதறியதே தவிர, கார் வரவில்லை. அழுதான். அம்மாவைப் பார்த்தான். அம்மா வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக் கொண்டார். அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களாம்.

கொஞ்ச நேரம் போனது. மடங்கிக் கிடந்த இடது கை மெதுவாக நீண்டது. அரிசிக்குள் போனது. முதல் தடவை கார் வழுக்கி விழுந்தது. இரண்டாம் தடவையும் விழுந்தது. மூன்றாவது தடவை 2 விரல் விரிந்து, காரின் சக்கரத்தைப் பிடித்துக் கொண்டது.

தந்தை வாயே திறக்கவில்லை. அந்த விரல்கள் தானாக விரிந்து அவர் பார்த்ததே இல்லையாம்.

கையை மறந்த மூளை

பிறந்தபோது அழாத குழந்தை இவன். மூளையில் ஒரு பக்கம் பாதிக்கப்பட்டதால் எதிர்ப் பக்கத்துக் கையும் காலும் பலவீனமாகி விட்டன. 'செரிபிரல் பால்சி' என்று டாக்டர்கள் சொல்லும் மூளை முடக்குவாதத்தில் இது ஒரு வகை.

சிகிச்சை கொடுத்த பெண் கூறியதாவது:-

"ஒரு கை சுலபமா வேலை செய்தா, குழந்தை அதையேதான் நீட்டும். இன்னொரு கையை அப்படியே விட்டுடும். வருஷம் போகப் போக அந்தக் கையில் இருக்கிற கொஞ்ச நஞ்ச சக்தியையும் மூளை கணக்கிலே எடுக்காது. அதனாலேதான் நல்ல கையைக் கொஞ்ச நேரம் பூட்டி வைக்கிறோம். நாள் பூராவும் இல்லை. சில வாரம் தினமும் சில மணி நேரம் செய்வோம். அப்புறம் 2 கையையும் சேர்த்து வேலை வாங்குவோம்."

கை இப்படி ஒரு பக்கமாக வராத குழந்தைகளுக்குத்தான் இந்த முறை. 2 கையும் சேர்ந்து பாதித்தவர்களுக்கு வேறு வழி. இதைப் படித்து விட்டு வீட்டிலேயே யாரும் பிள்ளையின் கையைக் கட்டி விடாதீர்கள். கை கட்டிய குழந்தை தடுக்கி விழுந்தால் ஊன்ற முடியாது. தோலும் புண்ணாகும்.

குரங்குக் கேஸ்!

இந்த வைத்தியத்துக்குப் பின்னால் ஒரு போலீஸ் கேசே இருக்கிறது. நம்ம டிப்பார்ட்மெண்ட் ஆச்சே, சொல்லாமல் விட முடியுமா?

அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலம், சில்வர் ஸ்பிரிங் என்ற ஊர். எட்வர்டு டாப் என்ற விஞ்ஞானி குரங்குகளின் கை நரம்பைத் துண்டித்து ஆராய்ச்சி செய்தார். உணர்ச்சி போன கையைக் குரங்கு உபயோகிக்கவே இல்லை. ஆனால் நல்ல கையைக் கட்டியதும், வேறு வழியில்லாமல் அந்தக் கையை நீட்டியது.

1981 செப்டம்பரில் அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் போலீசார் புகுந்து 17 குரங்குகளை மீட்டனர். டாப் மீது மிருகவதை வழக்கு. கீழ்க்கோர்ட்டில் தண்டனை ஆனது. 1983-ல் அப்பீலில் அதுவும் ரத்து ஆனது.

குரங்குகள் பட்ட பாடு பாவம்தான். அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் அதே டாப் பிற்பாடு அலபாமாவில், பக்கவாதம் வந்த பெரியவர்களின் நல்ல கையைக் கட்டி, வராத கையை வேலை செய்ய வைத்துக் காட்டினார். அங்கிருந்து குழந்தைகளுக்கும் வந்தது. மூளை முடக்குவாத சிகிச்சைகளை எல்லாம் ஆஸ்திரேலியாவில் அயோனா நோவாக் குழு 2013-ல் சல்லடை போட்டுப் பார்த்தபோது, பலன் தருகிறது என்று தேறிய சிலவற்றில் இதுவும் ஒன்று.

"வேலை வாங்கித் தருவாங்களா?"

இந்தப் பிரிவுக்குப் பெயர் 'ஆக்குபேஷனல் தெரபி'. போர்டில் தமிழில் 'தொழில்' என்ற வார்த்தையைப் பார்த்து விட்டு, "பிள்ளைக்குத் தையல் வேலை கத்துக் கொடுப்பீங்களா?" என்று கேட்டு வருகிறவர்களும் உண்டாம்!

குழந்தைக்குத் தொழில் என்ன? விளையாடுவது, சாப்பிடுவது, சட்டை போடுவது, பென்சில் பிடிப்பது, கக்கூசுக்குப் போய் வருவது. இவற்றைப் பிள்ளை தானாகச் செய்ய வைப்பதுதான் இந்த வைத்தியம். நம் நாட்டில் இதற்குப் பள்ளி தொடங்கியது 1950-ல், பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில். தொடங்கியவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர்.

முடக்குவாதம் மட்டும் இல்லை. தலையில் தண்ணீர் ஊற்றினாலே அலறும் ஆட்டிசம் குழந்தை, கையெழுத்தே வராத பள்ளிப் பிள்ளை, 5 வயதாகியும் சோற்றை மெல்லாமல் விழுங்கும் குழந்தை என்று பலரும் அங்கே காத்திருந்தார்கள்.

முதல் நாளே கையைப் பிடித்து வைத்தியம் ஆரம்பிக்க மாட்டார்கள். பிள்ளை விளையாடுவதைப் பார்ப்பார்கள். உங்களிடம் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். "என்ன செய்தால் உங்களுக்கு நிம்மதி?" என்பதும் அதில் ஒன்று. "நல்லா ஆகணும்" என்று சொன்னால் விட மாட்டார்கள். "டம்ளரைத் தானே பிடிச்சுக் குடிக்கணும்" என்பது போல் சொல்ல வேண்டும். அதை எழுதி வைத்துக் கொண்டு வேலையைத் தொடங்குவார்கள். சில மாதம் கழித்து, வந்ததா வரவில்லையா என்று பார்ப்பார்கள்.

வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள், முக்கால் மணி அல்லது ஒரு மணி நேரம். மீதி நேரமெல்லாம் பிள்ளை வீட்டில்தானே இருக்கிறது? அதனால் பாதி வைத்தியம் அம்மா அப்பா கையில். வெங்காயம் உரிப்பது, பட்டாணி பொறுக்குவது, சப்பாத்தி மாவு பிசைவது எல்லாம் பயிற்சிதான். அவசரத்தில் நாமே ஊட்டி விடுவதும், பட்டன் போட்டு விடுவதும்தான் தப்பு.

மூளையில் பட்ட காயம் ஆறி, பிள்ளை அடியோடு குணமாகி விடும் என்று எந்த நேர்மையான ஆளும் சொல்ல மாட்டார்.

'கியாரண்டி' கும்பல்

ஆனால் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்!

அதுவரை பேசாமல் இருந்த சிறுவனின் தாய், நம்மைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்:-

"போன வருஷம் ஒரு எடத்துக்குப் போனோம் சார். ஆறு மாசத்துல கை வந்துடும், கியாரண்டின்னு சொன்னாங்க. என் செயினை வச்சு 40 ஆயிரம் கட்டினோம். புள்ளைய உள்ள கூட்டிட்டுப் போயி கதவைச் சாத்திப்பாங்க. எண்ணெய் தடவி கைய இழுப்பாங்க. அவன் அழுவுற சத்தம் வெளிய கேக்கும். ஆறு மாசம் ஆச்சு, ஒண்ணும் வரலை. கேட்டா இன்னும் ஆறு மாசத்துக்குப் பணம் கட்டுன்னாங்க. அதனாலதான் சார் அவருக்கு எதைப் பார்த்தாலும் கோவம் வருது."

புகார் கொடுக்கவில்லையா என்று கேட்டோம். "ரசீதே குடுக்கலையே சார்" என்றார்.

இந்தப் படிப்பு, பயிற்சிக் காலத்தோடு சேர்த்துப் பல வருஷம் நடக்கிற டிகிரி. இந்தத் துறைகளை ஒழுங்குபடுத்த 2021-ல் பார்லிமெண்டில் சட்டமே வந்தது. "என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள். தனியார் இடங்களில் ஒரு தடவைக்கே சில நூறு ரூபாயில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டுகிறது. ரசீது வாங்குங்கள். உள்ளே உட்கார்ந்து பார்க்க விடாத இடத்துக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

காசில்லாதவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. மாற்றுத் திறனாளி அடையாள அட்டை வாங்கி விட்டால், சாதாரணக் கட்டண டவுன் பஸ்சில் பிள்ளைக்கும் துணைக்கு வருகிறவருக்கும் டிக்கெட் இல்லை. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், மனவளர்ச்சிக் குறைவு உள்ளவர்களுக்கு 'நிராமயா' என்று ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவ இன்சூரன்சும் உண்டு. ஆஸ்பத்திரியில் இதை யாரும் அந்தத் தாயிடம் சொல்லி இருக்கவில்லை. சுவரில் ஒரு போர்டு எழுதி வைக்க எவ்வளவு செலவாகி விடும்?

நாம் கிளம்பும்போது டிரைவர் வாசலில் நின்று கொண்டிருந்தார். முதலில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டாரா என்றால், இல்லை. "வியாழக்கிழமை எத்தனை மணிக்கு வரணும் மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

"9 மணிக்கு. நீங்களும் வாங்க அண்ணா" என்றார் அவர்.

சிறுவனுக்கு ஆட்டோவில் அம்மா வாழைப்பழம் கொடுத்தார். உரிக்காமல் கொடுத்தார்.