மூட்டுக்குள் சீரகச் சம்பா

முடக்குவாதத்தில் நாள்பட வீங்கிய முழங்காலைக் கழுவி எடுத்த நீரைக் கண்ணாடிக் குழாயில் சற்று நேரம் வைத்தால், சிலருக்கு அடியில் வெள்ளை மணிகள் தங்கும். அளவும் பளபளப்பும் ஆம்பூர் பிரியாணிக்குப் போடும் சீரகச் சம்பாவேதான். மருத்துவர்களும் 'அரிசி மணிகள்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்த அரிசி எதனால் ஆனது? வெளிப்பூச்சு ஃபைப்ரின், காயத்தில் இரத்தத்தை உறைய வைக்கிற அதே புரதம். உள்ளே கொலாஜன். தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு அது பழகிய சரக்கு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை டேனரிகளில் குரோம் பிடித்து நீலமாகி 'வெட் ப்ளூ' என்று வெளியே வருவது பெரும்பாலும் முதல் வகைக் கொலாஜன்தான். சடைபோல மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட அதன் அமைப்பை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கண்டு சொன்னவர்கள் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அதற்கு உதவியது கங்காரு வாலின் தசைநாண்!

கொலாஜனில் பல வகை உண்டு என்பதுதான் இங்கே துப்பு. மூட்டுக் குருத்தெலும்பில் இருப்பது இரண்டாம் வகை. அரிசி மணிகளை 1980இல் பகுத்துப் பார்த்தபோது கிடைத்தவையோ ஒன்று, மூன்று, ஐந்தாம் வகைகள், ஏறக்குறைய 40:40:20 விகிதத்தில். மூட்டின் உட்சவ்விலும் ஏறத்தாழ அதே கணக்கு. ஆக, தேய்ந்த குருத்தெலும்பின் தூள் அல்ல இது, சவ்விலிருந்து வந்தது.

அழற்சியில் தடித்த சவ்வு விரல் விரலாக வளர்கிறது. நுனிக்கு இரத்தம் எட்டாமல் அது செத்து உதிர்கிறது; மூட்டு நீரில் புரண்டு ஃபைப்ரின் பூசிக்கொள்கிறது. சவ்வின் சுவடே இல்லாத மணிகளும் கிடைப்பதால், ஃபைப்ரின் தானாகவே திரண்டும் உருவாகலாம் என்பார்கள். இரண்டும் நடக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மணிகளில் சுண்ணாம்பு ஏறாததால் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ. காட்டிவிடும். மணிகளை மட்டும் அள்ளினால் போதாது, அழன்ற சவ்வையும் அகற்ற வேண்டியிருக்கும்.

இன்னொன்று. 1895இல் இவை முதலில் விவரிக்கப்பட்டது காசநோய் மூட்டில். காசநோய் ஒழியாத நம் ஊரில், வாதத்துக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் என்றாலும், எடுத்த மணியும் சவ்வும் திசுப் பரிசோதனைக்கும் காசநோய்க் கிருமி வளர்ப்புச் சோதனைக்கும் போக வேண்டும். வாத மருந்துகள் பல எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பவை. கிருமி உள்ளே இருந்தால் அதற்கு வசதியாகிவிடும்.