காதா, காசா?

"காசு" என்றார் அந்த ஆடியாலஜிஸ்ட், வாயை ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு.

"காது" என்றாள் அத்தை, கொஞ்சமும் தயங்காமல்.

"பத்து."

"பட்டு."

அத்தைக்கு 76 வயது. அபிராமபுரத்தை விட்டு எங்கேயும் குடிபோனதில்லை. "எனக்கு நன்னாக் கேக்கறதுடா, நீங்கள்லாம்தான் முணுமுணுன்னு பேசறேள்" என்பது எங்கள் வீட்டில் பல வருஷமாக நடக்கும் வழக்கு. அன்றுதான் தெரிந்தது, அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று. சத்தம் அவளுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. எந்த எழுத்து என்பதுதான் விழவில்லை.

உட்செவியில் நத்தை ஓடு போல ஒரு சுருள். அதற்குள் வரிசையாக ஏறத்தாழ 15,000 மயிர்ச் செல்கள். சுருளின் வாசல் பக்கம் இருப்பவை கீச்சென்ற உயர் ஒலிகளுக்கு, உள்முனையில் இருப்பவை தாழ்ந்த ஒலிகளுக்கு. முதுமை முதலில் கைவைப்பது வாசல் பக்கத்தில். பேச்சின் முழக்கத்தைத் தருகிற உயிரெழுத்துகளும் ம, ன போன்ற மூக்கொலிகளும் பெரும்பாலும் தாழ்ந்த பக்கம். ச-வையும் த-வையும் ட-வையும் பிரித்துக் காட்டும் மெல்லிய சீறலும் வெடிப்பும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே. அந்தப் பக்கம் தேய்ந்தால் யாரோ பேசுவது கேட்கும். என்ன பேசினார்கள் என்பது ஊகம். காசு காதாகும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. மெல்லிய சத்தத்தைப் பெருக்கித் தரும் செல்கள் போன பிறகும், பெரிய சத்தம் பெரியதாகவேதான் கேட்கும். "சத்தமாப் பேசு" என்பவரே அடுத்த நொடி "ஏன் கத்தறே?" என்று சீறுவது இதனால்தான். ஆகவே ஹியரிங் எய்டு வெறும் ஒலிபெருக்கியாக இருந்தால் போதாது. மெல்லிய ஒலியை நிறைய, நடுத்தர ஒலியைக் கொஞ்சம், பெரிய ஒலியைத் தொடாமல் என்று ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் தனித்தனியாக அளந்து ஊற்ற வேண்டும்.

அத்தையிடம் ஏற்கெனவே ஒரு ஜோடி காது மிஷின் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஷோரூமில் வாங்கியது. எம்.ஆர்.பி.யில் பாதி என்றார்கள், தீபாவளி ஆஃபர் என்றார்கள், சானல் எண்ணிக்கையை அடுக்கினார்கள். லேப்டாப்பில் பத்து நிமிஷம் தட்டி, "இப்பக் கேக்குதாம்மா?" என்று உரக்கக் கேட்டார்கள். அவ்வளவு உரக்கக் கேட்டால் யாருக்கும் கேட்கும். மூன்று வாரத்தில் அது பீரோ டிராயருக்குள், பழைய சாவிகளோடு போய்ச் சேர்ந்தது.

இந்த முறை உறவில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில் கேள்வி: எந்த கம்பெனி?

உலகச் சந்தையின் பெரும்பகுதி ஐந்து குழுமங்களின் கையில். ஃபோனாக் சுவிட்சர்லாந்தின் சொனோவாவுடையது. ஓட்டிகானும் பெர்னாஃபோனும் டென்மார்க்கின் டீமன்ட். பிலிப்ஸ் பெயரில் வருவதைச் செய்வதும் இதே டீமன்ட்தான். ரீசவுண்ட், ஜி.என். குழுமம். சிக்னியாவும் வைடெக்ஸும் 2019-ல் ஒன்றாகி டபிள்யூ.எஸ். ஆடியாலஜி ஆயின. ஸ்டார்க்கி மட்டும் அமெரிக்கா. மயிலாப்பூர்த் தாத்தாக்கள் ஒரு காலத்தில் மெச்சிய சீமென்ஸ், அந்தத் தொழிலையே 2015-ல் விற்றுவிட்டது. அதன் வாரிசுதான் சிக்னியா. ஆக, ஒரே கூரையின் கீழ் தயாரானவற்றைத்தான் சில நேரம் எதிரெதிர்க் கடைகளில் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

விலையும் அப்படித்தான். மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்தில் ராபின் காக்ஸ் குழுவினர் இரண்டு பெரிய கம்பெனிகளின் உச்ச விலை மாடல்களையும் அடிப்படை மாடல்களையும் முதியவர்களுக்கு மாதம் ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள்; முடிவுகள் 2014-லும் 2016-லும் வெளியாயின. நான்குமே முறையாகச் சரிசெய்யப்பட்டவை, நான்குமே உதவின. பேச்சு புரிவதில் உச்ச விலைக்கும் அடிப்படைக்கும் சொல்லும்படியான வித்தியாசம் தென்படவில்லை.

2017-ல் இந்தியானா பல்கலைக்கழகத்தின் லாரி ஹியூம்ஸ் செய்தது இன்னும் குறும்பான சோதனை. 55 முதல் 79 வயது வரை 154 பேர். எல்லோருக்கும் ஒரே கருவி. பாதிப் பேருக்கு ஜோடி 600 டாலர், மீதிப் பேருக்கு 3,600 டாலர். விலை எந்தப் பலனையும் மாற்றவில்லை. மாற்றியது வேறொன்று. ஆடியாலஜிஸ்ட் அளந்து பொருத்தியவர்களில் 81 சதவீதம் பேர் கருவியை வாங்கிக்கொள்ள விரும்பினார்கள். அதே கருவியைத் தாங்களே தேர்ந்தெடுத்து மாட்டிக்கொண்டவர்களில் 55 சதவீதம். ஒலியைப் பெருக்கவே பெருக்காத டம்மியை மாட்டியவர்களில்கூட 36 சதவீதம்!

அந்த 36-தான் எனக்கு உறுத்தியது. மான்செஸ்டரில் 2013-ல் வெளியான ஒரு சிறு ஆய்விலும் இதே கதை. 16 பேருக்கு ஒரே கருவியை இரண்டு முறை கொடுத்து, ஒன்றை "புதியது" என்றார்கள், மற்றதை "வழக்கமானது" என்றார்கள். பெரும்பாலோருக்குப் "புதியது" பிடித்திருந்தது. இரைச்சலுக்கு நடுவே சொற்களைப் பிடிக்கும் மதிப்பெண்கூட அதில் கொஞ்சம் ஏறியிருந்தது.

அதாவது, பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப முடியாது, விற்பவர் பேச்சை நம்ப முடியாது, கடைக்குள் நம் காது சொல்லும் சாட்சியையும் முழுதாக நம்ப முடியாது. கண்ணாடிக் கடையில் பரிசோதிப்பவரே விற்கிறார் என்றாலும் பயமில்லை. மாட்டின நிமிஷத்திலேயே எதிரே இருக்கும் போர்டு தெரிகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். காது அப்படியில்லை. பல வருஷம் கேளாத ஒலிகளுக்கு மூளை மறுபடி பழக வாரங்கள் ஆகும். பணம் கட்டும்போது சரக்கு நல்லதா என்று வாங்குபவருக்கே தெரியாத வியாபாரம் இது.

பக்கச் சார்பில்லாத சாட்சி ஒன்று உண்டு. அதைத்தான், காசு காதான இந்த இரண்டாவது இடத்தில் பார்த்தேன். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, குறும்பியை எடுத்துவிட்டு, நூல் கனத்தில் ஒரு சிலிகான் குழாயை அத்தையின் காதுக்குள் மெல்ல நுழைத்தார் அந்த ஆடியாலஜிஸ்ட். அதன் நுனி செவிப்பறைக்குச் சில மில்லிமீட்டர் முன்னால் நின்றது. அதன் மேலேயே மிஷினை மாட்டினார். குழாயின் மறுமுனையில் மைக். எதிரே ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண் குரல் பேச ஆரம்பித்தது.

"என்ன பாஷைடா இது?" என்றாள் அத்தை.

எந்த பாஷையும் இல்லை. ஆங்கிலம், அரபி, சீனம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் பேசும் பெண்களின் குரல்களைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கலந்து செய்த சர்வதேசச் சோதனைப் பேச்சு அது. அர்த்தம் இருக்காது, பேச்சின் ஏற்ற இறக்கம் மட்டும் இருக்கும். செவிப்பறை அருகே உண்மையில் எத்தனை டெசிபல் போய்ச் சேருகிறது என்று திரையில் ஒரு கோடு ஓடியது. போய்ச் சேர வேண்டிய அளவு இன்னொரு கோடு. ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வுக்கூடம் வகுத்த சூத்திரப்படி, அத்தையின் ஆடியோகிராமிலிருந்து, அதாவது எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்ற வரைபடத்திலிருந்து, கணக்கிட்டது. 1,000 ஹெர்ட்ஸ் வரை இரண்டும் சேர்ந்தே போயின. 3,000 ஹெர்ட்ஸில் அத்தையின் கோடு 12 டெசிபல் தொங்கியது. சீறலும் வெடிப்பும் இருக்கும் அதே இடத்தில்.

கம்பெனி மென்பொருள் முதலில் போடும் கணக்கு, சராசரிக் காதுக்கானது. காதின் துவாரம் ஆளுக்கு ஆள் நீளத்திலும் அகலத்திலும் மாறும். அளக்காமல் விடுவது, உயரம் மட்டும் கேட்டு பிளவுஸ் தைப்பது போல.

ஆமாம், அங்கே அளந்தது டிராயரில் கிடந்த பழைய மிஷினைத்தான். புதிது வாங்க செக் புத்தகத்தோடு போயிருந்தேன். அடைத்திருந்த குறும்பி வடிகட்டியை மாற்றி, கோட்டைத் தூக்கிவிட்டு, "இதுவே போதும் சார்" என்றார். அன்று வாங்கியது பரிசோதனைக் கட்டணமும், பொருத்தியதற்கான கட்டணமும் மட்டும். சில கடைகள் விற்கும் கருவிகள் அந்தக் கடையின் மென்பொருளுக்கு மட்டுமே திறக்கும்படி பூட்டி வருகின்றன. நல்லவேளை, இது அப்படியில்லை. வாங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

கேட்க வேறு சிலவும் இருக்கின்றன. 1992-ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டப்படி ஆடியாலஜிஸ்ட்டுக்குப் பதிவு எண் இருக்க வேண்டும். கேட்டால் முகம் சுளிப்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. ஒரே கம்பெனிச் சரக்கு மட்டும் வைத்திருப்பவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, ஆனால் அவரிடம் "எது நல்லது?" என்று கேட்பதில் பொருளில்லை. பில்லில் ஜி.எஸ்.டி. சேர்த்திருந்தால் ஏன் என்று கேட்கலாம், ஹியரிங் எய்டுக்கு அது கிடையாது. விற்காத இடத்தில் ஆடியோகிராம் எடுத்துக்கொண்டு போவது இன்னும் நல்லது: சென்ட்ரல் எதிரே இருக்கும் அரசுப் பொது மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவு போல. நாலைந்து முறை திரும்பி வரச் சொல்கிறவரை நான் நம்புவேன். முதல் நாளே "செட் ஆயிடுச்சு" என்கிறவரை நம்பமாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தையின் முதல் புகார், ஃபிரிட்ஜ் இப்படியா கத்தும் என்பது. இரண்டாவது, செய்தித்தாள் புரட்டும் சத்தம். கடல் பக்கத்து ஈரக்காற்றுக்காக, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மிஷினை இரவு வைக்கப் பழகிக்கொண்டாள். பேட்டரியின் பிரவுன் ஸ்டிக்கரை உரித்ததும் உடனே மாட்டாமல், துத்தநாகத்துக்குக் காற்றுப் பட ஒரு நிமிஷம் காத்திருக்கவும் பழகிக்கொண்டாள்.

டி.டி.கே. சாலையில் ஒரு புல்லாங்குழல் கச்சேரிக்குப் போனோம். ஆலாபனையில் வித்வான் மேல் ஷட்ஜத்தில் நின்றபோது அத்தை முகம் கோணியது. "ஸ்வரம் நடுங்கறது" என்றாள். நடுங்கியது மிஷின். கருவியின் ஒலி அதன் மைக்குக்கே திரும்பிப் போனால் 'கூ'வென்று ஊளையிடும். அதை அமுக்க உள்ளே ஒரு காவல்காரன் உண்டு. நீண்டு நிற்கும் சுத்தமான ஸ்வரத்தையும் அவன் ஊளை என்று நினைத்து அடக்கப் பார்க்கிறான். தனி ஆவர்த்தனத்தில் வேறு தகராறு: பேச்சின் அளவுக்குச் செய்த உள்வாங்கும் சுற்று, மிருதங்கத்தின் உச்ச அடிகளைத் தலையை வெட்டித்தான் உள்ளே விட்டது. மிஷினைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மீதிக் கச்சேரியை வெறும் காதால் கேட்டாள்.

ஊளைக் காவலைத் தளர்த்தி, சங்கீதத்துக்கென்று தனி புரோகிராம் போட்டுத் தருவதாக ஆடியாலஜிஸ்ட் சொல்லியிருக்கிறார். புதன்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொன்னார். சோதித்துப் பார்க்க அத்தை தம்பூராவைத் தூக்கிக்கொண்டு வருவேன் என்கிறாள். ஆட்டோவில் அது எப்படி நுழையும் என்பதுதான் இப்போது வீட்டில் பேச்சு.