செம்மரம்: வாங்குகிறவரையும் கேளுங்கள்

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழகக் கூலித் தொழிலாளர்கள் 20 பேரை, செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி, ஆந்திரச் சிறப்புப் படை சுட்டுக் கொன்றது. அப்போது ஆந்திரா, தெலங்கானா இரண்டுக்கும் பொதுவாக ஹைதராபாத்தில் இருந்த உயர் நீதிமன்றம், ஆறு உடல்களுக்கு மறு பிரேதப் பரிசோதனை நடத்த உத்தரவிட்டது. அந்த மரம் எந்த ஊர் வீட்டுக்குப் போகவிருந்தது என்பதை விசாரிக்க மட்டும் நீதிமன்றமே இல்லை.

செம்மரம் கடப்பா, சித்தூர், நெல்லூர் பக்கத்து மலைகளில்தான் இயற்கையாக வளர்கிறது. ஆனால் விலை சீனாவிலும் ஜப்பானிலும் இருக்கிறது. அங்கே அறைகலன் செய்கிறார்கள், ஷாமிசென் என்ற தந்திக் கருவிக்குக் கழுத்து செய்கிறார்கள். வைரக்கட்டையில் வரி அலையலையாக ஓடினால் விலை இன்னும் ஏறும். ஜவ்வாது மலையிலிருந்து கோடரியோடு போகிறவருக்குக் கிடைப்பது கூலி. குண்டடி படுவதும் அவர்தான்.

அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 1995 முதல் செம்மரம் இருக்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாத சரக்கை, வாங்கும் நாடும் உள்ளே விடக் கூடாது. ஆனாலும் கிரானைட் என்று எழுதிய கண்டெய்னருக்குள் கட்டைகள் கடல் தாண்டுகின்றன.

வெட்டிய நாட்டின் சட்டத்தை மீறிய மரத்தை வாங்குவதே குற்றம் என்று 2008-இல் அமெரிக்கா சட்டம் திருத்தியது. சீனாவும் 2019-இல் வனச் சட்டத்தைத் திருத்தித் திருட்டு மரத்துக்குத் தடை போட்டது. வெளிநாட்டு மரத்துக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதுதான் அதில் தெளிவாக இல்லை.

இத்தகைய தடை வணிக விதிக்கு முரணா? ஆமை வெளியேற வழியில்லாத வலையில் பிடித்த இறாலை அமெரிக்கா தடுத்தபோது, இந்தியா உள்ளிட்ட நான்கு நாடுகள் உலக வணிக அமைப்பில் வழக்குப் போட்டன. தடையின் நோக்கம் சரி, அமல்படுத்தியதில்தான் பாரபட்சம் என்று 1998-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. அமெரிக்கா நடைமுறையைத் திருத்தியதும் 2001-இல் தடை நிலைத்தது. அன்று நமக்கு எரிச்சலூட்டிய அந்தத் தீர்ப்பு இன்று செம்மரத்துக்கு நமக்குத் தேவைப்படுகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பெய்ஜிங்கிடமும் டோக்கியோவிடமும் டெல்லி உரத்துக் கேட்க வேண்டும்.

2004 முதல் ஏற்றுமதி குறித்த சைட்டிஸின் தனி மறுஆய்வில் இருந்த செம்மரம் 2023 நவம்பரில் அதிலிருந்து விடுபட்டது. தோட்டத்தில் வளர்த்த விவசாயிகளுக்கு நல்ல செய்தி. ஆனால் காட்டு மரமும் தோட்டச் சீட்டோடு கப்பலேறலாம். சீட்டு உண்மைதானா என்று இறக்குகிற துறைமுகத்தில் சோதிக்காவிட்டால், சோதனை மறுபடியும் சேஷாசலத்தில்தான் நடக்கும், துப்பாக்கியோடு.