கபடியின் வலிய காவல் எது?

கபடியில் பாடிப் போகிறவருக்கே எல்லோரும் கைதட்டுகிறோம். அவரை 30 செக்கனுக்குள் மடக்குகிற எதிரணியின் ஏழு பேரை யாரும் கவனிப்பதில்லை. இரு ஓரங்களிலும் நிற்பவர்கள் கணுக்காலைப் பிடிக்க, மற்றவர்கள் கைகோத்துத் திரும்பும் வழியை அடைப்பார்கள். நம்மூர்க் கரைவலை போலத்தான், ஒரு கை தளர்ந்தாலும் மீன் போய்விடும். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ எஞ்சி நின்று பிடித்துவிட்டால் 2 புள்ளிகள்.

மிகச் சிறந்த காவல் இந்தியாவினுடையது என்பார் எங்கள் நானா. ஆசிய விளையாட்டு விழாவில் 1990 முதல் 2014 வரை ஆண்களுக்கான ஏழு தங்கங்களும் அவர்களுக்கே. என் தெரிவு 2018இல் ஜகார்த்தாவில் ஆடிய ஈரான். இடது ஓரத்தில் பஸல் அத்ராச்சலி நின்ற அந்த அணி, அரையிறுதியில் இந்தியாவை 27–18 என வென்றது. "ஒரே விழாவை வைத்து முடிவு சொல்லலாமா?" என்று நானா மல்லுக்கு நிற்கிறார். எட்டாவது தங்கத்துக்கு வந்தவர்களை 18 புள்ளிகளோடு நிறுத்துவது சின்ன விடயமா?

மறுநாள் பெண்கள் இறுதிப் போட்டி. 2014 இறுதியில் ஈரானுக்கு எதிராக 31 புள்ளிகள் எடுத்த இந்தியாவுக்கு இம்முறை 24தான் கிடைத்தது. ஈரானுக்கு 27. ஹிஜாப் அணிந்தே ஆடினார்கள். உடுப்பைக் காட்டிப் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பத் தயங்கும் உம்மாமார் அந்த ஆட்டத்தை ஒருமுறை பார்க்கவேண்டும். அவர்களைப் பயிற்றுவித்தவரும் ஒரு பெண்தான், இந்தியாவின் ஷைலஜா ஜெயின்.