மறக்கப்பட்ட நட்சத்திரம்

‘கொலம்போ’ என்ற பெயர் நமது கொழும்பு நகரை நினைவூட்டினும், அது கசங்கிய மேலங்கியணிந்த ஓர் அமெரிக்கத் துப்பறிவாளரின் பெயராகும். பீற்றர் போக் நடித்த அத்தொலைக்காட்சித் தொடரிற் பழைய திரைநட்சத்திரங்கள் பலர் விருந்தினராகத் தோன்றினர். அவ்வகையில், 1975 செப்ரெம்பர் 14ஆம் திகதி ஒளிபரப்பாகிய ‘மறக்கப்பட்ட சீமாட்டி’ என்னுங் கதை தனிச்சிறப்புடையது.

‘சைக்கோ’ (1960) படத்தாற் பெரும்புகழ் எய்திய ஜனற் லீ, மேடைக்கு மீள விழையும் முன்னாள் நடிகையாக இதில் தோன்றினார். வைத்தியரான கணவர் அதற்குப் பொருளுதவ மறுக்கிறார். மனைவிக்குத் தீராத மூளைநோய் உண்டென்பதை அறிந்தும், அன்பினால் அதனை அவர் மறைத்திருந்தார். காரணம் அறியாத அவள் அவரைக் கொன்றுவிடுகிறாள்.

அன்றிரவு அவள் வீட்டில் ஓடிய பழைய படம், ஜனற் லீ 1953இல் மெய்யாகவே நடித்த படமாகும். இவ்வாறு நடிகையின் உண்மையான இளமையே கதைமாந்தரின் இறந்தகாலமாயிற்று. அறுந்த படச்சுருளை ஒட்டுதற்கு வேண்டிய நேரத்தினும் படம் முடிவதற்கான தாமதம் மிகுதியாயிருந்ததைக் கணக்கிட்டே துப்பறிவாளர் உண்மையை உணர்கிறார்.

ஆயின், அவளோ தான் செய்ததையே மறந்துவிட்டாள். அவளது வாழ்நாளும் சில திங்களே. அவளுடன் முன்னர் ஆடி நடித்த நண்பர் பழியைத் தாம் ஏற்கிறார். அவ்வேடத்தில் நடித்தவர் ஜோன் பெயின். அது பொய்யென அறிந்தும் துப்பறிவாளர் இசைகிறார்.

சட்டத்தின்படி இது வழுவே. ஆயினும், தன் குற்றத்தையே அறியாத ஒருத்தியைத் தண்டிப்பதால் இறந்தவருக்கு நீதி கிட்டுமோ? அவளைத் துயரினின்று காக்கவே அவரும் விரும்பினார் அன்றோ?