உடல் எடையும் வாழ்முறையும்

நுழையும்முன்

‘முப்பது நாள்களில் பத்துக் கிலோ குறையும்’ என்னும் விளம்பரத்தைப் பேருந்தின் பின்புறத்திலோ கைப்பேசித் திரையிலோ காணாதவர் அரியர். அவ்வாறு குறைந்த எடை சில மாதங்களில் ஏன் மீண்டுவிடுகிறது என்பதை அவ்விளம்பரங்கள் சொல்வதில்லை. உடல் தன் எடையை எவ்வாறு காத்துக்கொள்கிறது, அதனோடு போராடாமல் அதனை எவ்வாறு மெல்ல மாற்றலாம் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

மாறிய உழைப்பு, மாறிய உணவு

இரண்டு தலைமுறைகளுக்கு முன்பு அன்றாட வாழ்க்கையே உடற்பயிற்சியாக இருந்தது. நீர் இறைத்தல், ஆட்டுக்கல்லில் மாவரைத்தல், உரலில் நெல் குத்துதல், வயலுக்கும் சந்தைக்கும் நடந்து செல்லுதல் என உடல் ஓயாது உழைத்தது. உண்ட உணவு உழைப்பில் செலவானது. இன்று அவ்வேலைகளைப் பொறிகள் செய்கின்றன. இது வரவேற்கத்தக்க மாற்றமே. குறிப்பாகப் பெண்களின் முதுகொடிந்த உழைப்பை அது குறைத்தது. ஆயினும் உழைப்புக் குறைந்த அளவிற்கு உணவு குறையவில்லை. எண்ணெயில் பொரித்த பண்டங்களும் இனிப்பூட்டிய பானங்களும் மலிவாகவும் எளிதாகவும் கிடைக்கத் தொடங்கின.

இதன் விளைவைத் தேசியக் குடும்பநல ஆய்வு எண்களால் காட்டுகிறது. 2015-16இல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 30.9 விழுக்காட்டினர் மிகுஎடை உடையோராக இருந்தனர். 2019-21இல் அது 40.4 விழுக்காடாயிற்று. ஆண்களிடையே இது 28.2 விழுக்காட்டிலிருந்து 37 விழுக்காடாக உயர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் இத்தனை பேர் ஒருசேரச் சோம்பேறிகளாக மாறியிருக்க இயலாது. மாறியது அவர்கள் வாழும் சூழல். எனவே மிகுஎடையைத் தனிமனிதரின் குணக்கேடாகக் கருதுவது அறிவியலுக்குப் பொருந்தாது. மரபுக்கூறு, உறக்கம், மனஅழுத்தம், சில நோய்கள், சில மருந்துகள் ஆகியனவும் எடையைப் பாதிக்கின்றன.

எடைக்கருவி சொல்லாத செய்தி

உயரத்திற்கேற்ற எடையை அறிய உடல்நிறைக் குறியீட்டெண் பயன்படுகிறது. கிலோகிராமில் அளந்த எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் இருமடியால் வகுத்தால் இவ்வெண் கிடைக்கும். சான்றாக, 1.6 மீட்டர் உயரமும் 64 கிலோ எடையும் உடைய ஒருவரின் குறியீட்டெண் 25 ஆகும். பெல்ஜிய நாட்டு அறிஞர் அடால்ப் கெட்டலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்த கணக்கு இது.

இவ்வெண் ஒரு வழிகாட்டி மட்டுமே. முழுமையான அளவுகோல் அன்று. 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரு மருத்துவ அறிஞர்கள் தம்மையே சான்றாகக் காட்டினர். ஒருவர் புனே நகரின் சித்தரஞ்சன் யாஜ்னிக்; மற்றவர் இலண்டனின் ஜான் யட்கின். இருவரின் குறியீட்டெண்ணும் 22.3. ஆனால் யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு; யாஜ்னிக்கின் உடலிலோ 21.2 விழுக்காடு. ஒரே எண்ணுக்குள் இருவேறு உடல்கள் இருந்தன. தெற்காசியரின் உடல் ஒல்லியாகத் தோன்றினாலும் வயிற்றுப் பகுதியில் கொழுப்பைச் சேர்க்கும் இயல்புடையது. அதனால்தான் உலக அளவில் 25 என வகுக்கப்பட்ட மிகுஎடை எல்லை, இந்தியர்க்கு 23 எனக் குறைத்துக் கொள்ளப்படுகிறது. இவ்வெல்லைகள் பெரியவர்களுக்கு உரியவை. பதினெட்டு வயது நிரம்பாதோர்க்கு அவரவர் வயது, பாலினம் ஆகியவற்றிற்கேற்ற வளர்ச்சி வரைபடங்களைக் கொண்டே மருத்துவர் முடிவு செய்வர்.

தெரிந்து தெளிவோம்

இந்தியர்க்கான உணவு வழிகாட்டு நெறிகளை வெளியிடும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இன்று ஐதராபாத்தில் இயங்குகிறது. அதன் தொடக்கம் நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில் அமைந்தது. 1918இல் இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர், பெரிபெரி நோயை ஆராய்வதற்காக அங்கு ஒரு சிறிய ஆய்வகத்தைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து 1958இல் ஐதராபாத்திற்கு இடம் மாறியது.

பட்டினி கற்பித்த பாடம்

எடையைக் குறைக்க விரும்புவோர் பலர் முதலில் நாடுவது பட்டினியை. பட்டினியின்போது உடலில் நிகழ்வதை அறிய உதவும் ஆய்வு ஒன்று, இரண்டாம் உலகப்போரின் இறுதியில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது. போரினால் பசியுற்ற ஐரோப்பிய மக்களுக்கு எவ்வாறு மீண்டும் உணவூட்டுவது என்பதைக் கண்டறிவதே அதன் நோக்கம். ஆன்சல் கீஸ் என்னும் உடலியல் அறிஞர் அதனை நடத்தினார். மனச்சான்றின்படி போரில் ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர் 36 பேர் அதற்குத் தாமாக முன்வந்தனர்.

ஆறு மாதங்கள் அவர்களுக்கு வழக்கமான உணவில் ஏறத்தாழப் பாதியே வழங்கப்பட்டது. ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு போன்றவை நாளுக்கு இரு வேளை கிடைத்தன. அவர்கள் தம் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தனர். எடையோடு வேறு பலவும் குறைந்தன. ஓய்வுநிலையில் உடல் செலவிடும் ஆற்றல் ஏறத்தாழ 40 விழுக்காடு சரிந்தது. இதயத்துடிப்பு மெதுவாயிற்று. கோடையிலும் குளிர்வதாக அவர்கள் உணர்ந்தனர். படிப்பிலும் நட்பிலும் நாட்டம் குன்றியது. சிலர் சமையல் நூல்களைச் சேகரித்து அவற்றையே படித்துக்கொண்டிருந்தனர். ஆய்வு முடிந்து உணவுக் கட்டுப்பாடு நீங்கியபின், வயிறு நிறைந்தும் பசி அடங்காமல் உண்டனர். அவர்கள் உடலில் முன்பிருந்ததைவிட மிகுதியான கொழுப்புச் சேர்ந்தது.

மனவுறுதி மிக்க இளைஞர்களுக்கே இந்நிலை ஏற்பட்டது. ஆகவே கடும்பட்டினியால் குறைந்த எடை மீளும்போது, அதனை மனவுறுதியின் தோல்வி எனக் கூறுதல் பொருந்தாது. அது உடலின் இயல்பு.

உடலின் தற்காப்பு

மனித இனம் தன் வரலாற்றின் பெரும்பகுதியைப் பஞ்சத்தின் அச்சத்தில் கழித்தது. அதனால் உணவு திடீரெனக் குறைந்தால் உடல் அதனைப் பஞ்சமாகவே கொள்கிறது. கொழுப்புத் திசுக்கள் சுரக்கும் லெப்டின் என்னும் இயக்குநீர், சேமிப்புப் போதுமான அளவில் உள்ளது என்னும் செய்தியை மூளைக்கு அனுப்புகிறது. கொழுப்புக் குறையும்போது லெப்டினும் குறைகிறது. மூளை பசியை மிகுவிக்கிறது. இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்னும் இயக்குநீரும் பசியைத் தூண்டுகிறது. அதேவேளையில் உடல் தன் ஆற்றல் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. வரவு குறைந்த குடும்பம் செலவைக் குறைத்துக்கொள்வதைப் போன்றது இது.

கடும்பட்டினியின் முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ குறைவதாகத் தோன்றுவதற்கும் காரணம் உண்டு. கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள் நீருடன் சேர்த்துச் சேமிக்கப்பட்டுள்ளது. உணவு குறைந்ததும் அது கரைகிறது. உடன் நீரும் வெளியேறுகிறது. எடைக்கருவியின் முள் இறங்குகிறது. கொழுப்போ சிறிதளவே குறைந்திருக்கும். வழக்கமான உணவுக்குத் திரும்பியதும் அந்நீர் மீண்டும் சேர்கிறது. விளம்பரங்கள் காட்டும் விரைவான எடைக்குறைப்பில் பெரும்பங்கு இத்தகையதே.

சென்னையில் ஒரு சான்று

உடல் பஞ்சம் என அஞ்சாத அளவிற்குச் சிறிதாகவும், ஆண்டுக்கணக்கில் தொடரத்தக்கதாகவும் அமையும் மாற்றமே நிலைக்கும். அத்தகைய மாற்றத்தின் பயனைச் சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு காட்டியது. அதன் முடிவுகள் 2006இல் வெளியாயின. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர்க்கு வாழ்முறை மாற்றம் மட்டும் கற்பிக்கப்பட்டது. நாள்தோறும் அரைமணி நேர நடை, சர்க்கரையையும் தீட்டிய தானியங்களையும் எண்ணெயையும் குறைத்தல், நார்ச்சத்து மிகுந்த உணவைக் கூட்டுதல் ஆகியனவே அம்மாற்றங்கள். மூன்றாண்டளவில், அறிவுரை பெறாத பிரிவில் 55 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு தோன்றியது. வாழ்முறையை மாற்றிய பிரிவிலோ 39.3 விழுக்காட்டினர்க்கே தோன்றியது.

இவ்வாய்வில் மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. வாழ்முறையை மாற்றியோரின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆயினும் அவர்கள் பயன்பெற்றனர். எடைக்கருவியின் முள் அசையும் முன்பே உடல் நலம்பெறத் தொடங்குகிறது என்பது இதனால் புலனாகும். இரண்டு வாரத்தில் எடை குறையவில்லை என நடையைக் கைவிடுவோர், கிடைத்துக்கொண்டிருந்த நன்மையையும் இழக்கின்றனர்.

தொடங்கும் முறை

மிகுஎடையுடைய பெரியவர் ஒருவர் தம் எடையில் 5 விழுக்காட்டைக் குறைத்தாலே இரத்த அழுத்தமும் இரத்தச் சர்க்கரையும் சீரடையத் தொடங்கும். எண்பது கிலோ எடையுடையவருக்கு அது நான்கு கிலோ மட்டுமே. வாரத்திற்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவது பாதுகாப்பானது எனக் கருதப்படுகிறது. அதனினும் மெதுவாகக் குறைவதும் வெற்றியே.

முதலில் ஒரு வாரம் எதனையும் மாற்றாமல், உண்பன பருகுவன யாவற்றையும் குறித்து வைத்தல் நன்று. எவ்வுணவு பசியினால் உண்ணப்பட்டது, எது பழக்கத்தினால் உண்ணப்பட்டது என்பது அப்போது தெரியவரும். உண்டது செரித்ததை அறிந்து, நன்கு பசித்தபின் அளவோடு உண்ணுமாறு திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ அறிவுறுத்துவதும் இத்தெளிவைக் கருதியே.

அடுத்து ஒரே ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். நாளொன்றுக்கு நான்கு குவளைத் தேநீர் பருகுவோர், குவளைக்கு இரு தேக்கரண்டிச் சர்க்கரை சேர்ப்பதாகக் கொள்வோம். அதனை ஒரு தேக்கரண்டியாகக் குறைத்தால் நாளுக்கு 20 கிராம் சர்க்கரை குறையும். ஓராண்டில் அது 7 கிலோவுக்கும் மேலாகும். நாவும் சில வாரங்களில் அவ்வினிப்புக்குப் பழகிவிடும். அம்மாற்றம் இயல்பானபின் அடுத்த மாற்றத்திற்குச் செல்லலாம்.

மதிய உணவில் சோறு மலைபோலவும் பொரியல் ஊறுகாய்போலவும் இருப்பது பல இல்லங்களின் வழக்கம். தட்டின் பாதியைக் காய்கறியும் கீரையும் நிரப்பினால் சோறு தானே குறையும். பருப்பு, சுண்டல், முட்டை, மீன், மோர் போன்ற புரத உணவு உடனிருந்தால் பசி விரைவில் எழாது. ஒரு கிராம் மாவுச்சத்தோ புரதமோ ஏறத்தாழ 4 கிலோகலோரி ஆற்றலையும், ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி ஆற்றலையும் தருகின்றன. ஆகவே வடையை விடுத்து வேகவைத்த சுண்டலைத் தேர்வது பசியையும் தீர்க்கும். ஆற்றல் மிகுதியையும் தவிர்க்கும்.

உடற்பயிற்சிக்கெனத் தனிக்கூடம் தேவையில்லை. நடை, மிதிவண்டி, மாடிப்படி, கபடி ஆகியன போதுமானவை. உறக்கமும் இதில் அடங்கும். உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் மிகுவதையும் லெப்டின் குறைவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. நள்ளிரவுவரை விழித்திருப்போர் நொறுக்குத்தீனியை நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வளரிளம் பருவத்தினர் அறிய வேண்டியது

மேற்கூறிய எடைக்குறைப்பு அளவுகள் வளர்ச்சி முடிந்தோர்க்கு உரியவை. பதினாறு, பதினேழு வயதில் எலும்பும் தசையும் மூளையும் இன்னும் வளர்கின்றன. இப்பருவத்தில் காலை உணவைத் தவிர்த்தல், ஒரே வகை உணவை உண்டு நாள்களைக் கழித்தல், எடைக்குறைப்புப் பொடிகளையும் மாத்திரைகளையும் தாமே வாங்கி உண்ணுதல் ஆகியன கேடு விளைவிக்கும். இரத்தசோகை பரவலாக உள்ள நம் மாநிலத்தில், பட்டினி கிடக்கும் மாணவி இழப்பது எடையை மட்டுமன்று. இரும்புச்சத்தையும் கற்கும் ஆற்றலையும் சேர்த்தே இழக்கிறாள். வளர்ந்துகொண்டிருப்போர் பலர்க்கு எடையைக் குறைக்க வேண்டிய தேவையே இல்லை. எடை கூடாமல் நிற்க, உயரம் கூடினாலே உடல் சீராகும். உலக நலவாழ்வு நிறுவனம் இவ்வயதினர்க்கு நாளொன்றுக்கு 60 நிமிட உடலியக்கத்தைப் பரிந்துரைக்கிறது. தேர்வுக்காக விளையாட்டு நேரத்தைப் பறிப்பது இப்பரிந்துரைக்கு எதிரானது.

வகுப்பறையில் ஒருவரின் உடலைக் கேலி செய்து பட்டப்பெயர் இடுவது நகைச்சுவையாகக் கருதப்படுகிறது. கேலிக்கு ஆளானோர் விளையாட்டுத் திடலைத் தவிர்க்கின்றனர். பிறர் காண உண்ணக் கூசி, மறைவில் மிகுதியாக உண்கின்றனர். இதனால் எடை கூடுகிறதே அன்றிக் குறைவதில்லை. உண்பதற்கே அஞ்சுவதும், உண்டதை வலிந்து வாந்தியெடுப்பதும் மருத்துவ உதவி தேவைப்படும் நோய்கள். இத்தகைய அறிகுறி தென்பட்டால் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ தயங்காது கூறுதல் வேண்டும். நண்பனின் உடலைப் பற்றிப் பேசாமல், மாலையில் அவனையும் விளையாட அழைத்துச் செல்பவனே அவனுக்கு உண்மையில் உதவுகிறான்.

ஓராண்டு கடைப்பிடித்துக் கைவிடும் கடுமையான நெறியைவிட, வாழ்நாள் முழுவதும் உடன்வரும் எளிய பழக்கம் மேலானது. எந்த மாற்றத்தையும் தொடங்கும்முன், ‘பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் இதனைச் செய்துகொண்டிருக்க இயலுமா?’ எனத் தமக்குள் வினவிக்கொள்ள வேண்டும். இயலும் என்னும் விடை கிடைத்தால் அதனை அன்றே தொடங்கலாம்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டில் ஒரு மாதத்திற்கு வாங்கப்படும் சர்க்கரை, எண்ணெய் ஆகியவற்றின் அளவைக் கேட்டறிந்து, ஒருவர் ஒரு நாளில் உண்ணும் அளவைக் கணக்கிடுக.
2. உங்கள் பாட்டி அல்லது தாத்தாவின் பள்ளிப்பருவத்து ஒருநாள் உழைப்பையும் உணவையும் கேட்டறிந்து, உங்கள் ஒருநாளுடன் ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துக.
3. ‘விரைவாக எடை குறையும்’ எனக் கூறும் விளம்பரம் ஒன்றைத் தேர்ந்து, அது கூறுவனவற்றையும் கூறாது விடுவனவற்றையும் வகுப்பில் கலந்துரையாடுக.