இயங்குதளங்களில் தமிழ் 99 விசைப்பலகை: அமைப்பு வழிகளும் வகைப்பாடும்

கணினித் தமிழ் உள்ளீட்டிற்கான தமிழ் 99 விசைப்பலகை, சென்னையில் 1999இல் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாட்டு அரசால் தரமாக ஏற்கப்பட்டது. எழுத்துகளின் இடவமைவு ஒன்றேயாயினும், அதனைச் செயற்படுத்தும் வழி இயங்குதளந்தோறும் வேறுபடுகிறது. அவ்வேறுபாட்டின் அடிப்படையை இக்கட்டுரை விளக்குகிறது.

விண்டோஸ் 11, விசைப்பலகையை மொழியின் உறுப்பாகக் கொள்கிறது. நேரம், மொழி ஆகியவற்றிற்கான பிரிவில் தமிழைச் சேர்த்த பின்னரே அதன்கீழ்த் தமிழ் 99ஐத் தெரிவுசெய்ய இயலும். மேக் இயங்குதளமோ அதனைக் கருவியின் உறுப்பாகக் கருதி, விசைப்பலகைப் பிரிவில் உள்ளீட்டு மூலமாக வைக்கிறது. லினக்ஸில் இயங்கும் க்னோம் பணிச்சூழலில் இவ்விரு நிலைகளையும் காணலாம். முன்பு வட்டாரம், மொழி என்னும் பிரிவில் இருந்த இத்தெரிவு, 2021இல் வெளிவந்த க்னோம் 40இல் விசைப்பலகைப் பிரிவிற்கு மாற்றப்பட்டது.

மொழிமாற்று விசைகளும் இவ்வாறே வேறுபடுகின்றன. விண்டோஸில் விண்டோஸ் விசையுடன் இடைவெளி விசையை அழுத்தினால் மொழி மாறும். அப்பழக்கத்தில் மேக்கின் கமாண்ட் விசையுடன் இடைவெளி விசையை அழுத்துவோர் தேடல் பெட்டியையே காண்பர். அங்கு மொழியை மாற்றக் கண்ட்ரோல் விசை வேண்டும்.

எனவே, சொடுக்க வேண்டிய இடங்களை மட்டும் வரிசைப்படுத்தும் பயிற்சிக் கையேடு ஓர் இயங்குதளத்தின் ஒரு பதிப்பிற்கே பயன்படும். தமிழைச் சேர்த்தல், விசைப்பலகையைத் தெரிதல், மாற்றுவிசையை அறிதல் என்னும் செயல்களை முதலில் விளக்கி, வழிகளைப் பதிப்பெண்ணுடன் குறிப்பதே ஏற்புடையது. அவ்வாறாயின், கணினி மாறும்போது தமிழில் தட்டச்சிட இயலாமற்போவது தம் திறன்குறை என மாணவர் மயங்கார்.